உறங்கிக்கொண்டிருந்த மூன்றாம் பெட்டி

டிக்கோயாவில் இருந்த அந்தத் தோட்டக் கம்பனியின் பிராந்திய ஆபீஸ், ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரை குடியிருந்த பங்களா. துரைசாணி உடை மாற்றுவதற்கென்று வைத்திருந்த சின்ன அறை ஒன்று அதன் பின்பக்கத்தில் உண்டு. பழைய பூப்போட்ட காகிதம் இன்னும் சுவரில் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த அறையில்தான் புஷ்பராணியின் பெட்டிகள் இருந்தன.

இரும்புச் சட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகி நிறுத்திய மூன்று சுவிட்சுப் பெட்டிகள். பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. தட்டையான உருவம், முகத்தில் வரிசையாகத் துவாரங்கள், துவாரத்துக்கு ஒரு வயர், வயருக்கு மேலே கடுகளவு ஒரு பச்சை விளக்கு. ஆபீசின் கணினிகளும் தொலைபேசிகளும், தோட்டத்து ஆட்கள் ஸ்டோர் என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்து நிறுக்கும் தராசுகளும் ஒன்றோடொன்று பேசுவதெல்லாம் அந்தத் துவாரங்கள் வழியாகத்தான். யாராவது எங்கேயாவது ஒரு சொல் அனுப்பினால் இங்கே ஒரு விளக்கு இமைக்கும்.

காலையில் அறைக்குள் போனதும் புஷ்பராணி வேலையைத் தொடங்கமாட்டாள். கதவைச் சாத்திவிட்டு, விளக்கைப் போடாமல், சற்று நேரம் அந்த இமைப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வெளியே மூடுபனி பள்ளத்திலிருந்து ஏறி வந்து ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்து நிற்கும். அறைக்குள் அரையிருட்டு. இருட்டுக்குள் பச்சைப் பொட்டுகள். நோட்டன் பிரிட்ஜ் ஸ்டோரின் விளக்கு சோம்பேறி. நினைத்து நினைத்து இமைக்கும். பொகவந்தலாவை விளக்குக்குப் பொறுமையே கிடையாது. கணக்குப் பிரிவு விளக்குகள் தேத்தண்ணி நேரத்தில் ஒருசேர ஓய்ந்துவிடும். மேசையிலிருந்து யார் எழுந்து போகிறார்கள், யார் திரும்பி வந்து உட்காருகிறார்கள் என்பது ஆளைப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும்.

இந்தப் பழக்கம் அவளுக்குச் சின்ன வயதிலேயே வந்தது. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தின் மேற்பிரிவில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் நீண்ட லயத்தின் கடைசிக் காம்பராவில் பிறந்தவள். லயத்தில் காம்பராக்களுக்கு இடையே இருக்கும் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் பேசுவது மேலே ஏறி, தகரத்தில் தட்டி, அடுத்த வீட்டில் இறங்கும். புஷ்பராணி கம்பளிக்குள் சுருண்டு படுத்துக்கொண்டு அந்தப் பேச்சுகளைக் கேட்டபடியே உறங்கிப் போவாள். யார் வீட்டுக் குழந்தை சிணுங்குகிறது, யார் அடுப்பு ஊதுகிறார்கள், யாருக்குக் கோபம் என்று படுத்தபடியே சொல்லுவாள்.

"இவளுக்கு மட்டும் காது கூரையில இருக்கு" என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள்.

மூத்தவள் வீரம்மா ஐந்தாம் வகுப்போடு நின்று கொழுந்துக்குப் போனாள். இளையவள் படிக்கட்டும் என்று வீட்டில் யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. அக்காளின் முதுகில் கூடை இருந்தது, தங்கையின் கையில் புத்தகம் இருந்தது. அது அப்படியே போய்விட்டது. புஷ்பராணி உயர்தரப் பரீட்சை வரைக்கும் எழுதினாள். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளிகள் போதவில்லை. ஹட்டனில் சனி, ஞாயிறுகளில் நடந்த கணினி வகுப்புக்குப் பஸ்ஸில் போய் வந்தாள். தொண்ணூறுகளின் கடைசியில் டிக்கோயா ஆபீசில் டெலிபோன் மேசை கிடைத்தது. அழைப்பு வரும், யாருக்கு என்று கேட்பாள், தொடுத்துவிடுவாள். சம்பளம் ஒழுங்காக வந்தது. ஆனால் நாள் முழுவதும் மற்றவர்களின் பேச்சுக்கு வாசல் திறந்துவிட்டு, வாசலிலேயே உட்கார்ந்திருப்பது போல அவளுக்கு இருந்தது.

பிறகுதான் கொழும்பிலிருந்து மூன்று பெட்டிகளோடு றமணன் வந்தார். தலைமை அலுவலகத்து எஞ்சினியர், யாழ்ப்பாணத்து ஆள். அதிகம் பேசமாட்டார். பேசினால் பாதி அவளுக்கு விளங்க நேரம் எடுக்கும். அவர் வயர் வயராக இழுத்துச் சோதித்த நாட்களில், புஷ்பராணி இடையிடையே டெலிபோன் மேசையை விட்டு வந்து வாசலில் நிற்பாள்.

"என்ன பிள்ளை, உமக்கு இதிலை விருப்பமோ?" என்று ஒருநாள் கேட்டார்.

"இதுங்க தூங்குமாங்க சார்?" என்று அவள் கேட்டாள்.

அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "இல்லை. கொழும்பிலை இருக்கிறது வருசக்கணக்கா முழிச்சிருக்குது."

அந்த விருப்பம் கண்டு, அவரே சொல்லி அவளைக் கொழும்புக்கு ஒரு பயிற்சிக்கு எடுப்பித்தார். திரும்பி வந்தபோது பெட்டிகளின் பொறுப்பு அவளுக்கு வந்தது.

அவள் வேலையை விளக்குவது கஷ்டமில்லை. மூன்றும் தனித்தனிப் பெட்டிகள். ஆனால் முதுகுப்பக்கம் தடித்த குட்டைக் கேபிளால் ஒன்றோடொன்று பிணைத்துவிட்டால் மூன்றும் ஒரே பெட்டியாகிவிடும். அதற்கு அவள் வைத்த பெயர் ‘டிக்கோயா’. அந்த அடுக்குக்குள் லயத்தில் காம்பரா பிரிப்பது போலச் சுவர் வைத்துப் பிரிக்கலாம். கணக்குப் பிரிவுக்கு ஒரு காம்பரா, தராசுகளுக்கு ஒன்று, தொலைபேசிக்கு ஒன்று. இந்தச் சுவர்கள் கூரை வரைக்கும் போகும். ஒரு காம்பராவின் பேச்சு மற்றதற்குக் கேட்காது. எந்தத் துவாரம் எந்தக் காம்பராவைச் சேர்ந்தது, கொழும்புக்குப் போகும் வாசல் எது என்பதையெல்லாம் மடிக்கணினியிலிருந்து அவள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒருமுறை சொல்லிப் பதிந்துவிட்டால் மூன்றும் அதை நினைவில் வைத்துக்கொள்ளும்.

மூன்றில் ஒன்றுதான் தலைமை. தலைமைப் பெட்டிக்கு மட்டும் ஓரத்தில் தனியாக ஒரு விளக்கு எரியும். வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் முந்தி வந்து நிற்கும் கங்காணிதான் பெயர் கூப்பிடுவது போல, எந்தப் பெட்டி நன்றாக முந்தி எழுந்துவிடுகிறதோ அதுதான் தலைமை. பின்னால் எழுபவை அதன் சொல்லைத் தங்கள் சொல்லாக எடுத்துக்கொள்ளும்.

வயர்கள் பெருகப் பெருக எது எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க அவள் ஒரு வழி செய்தாள். வீரம்மா வேலை இல்லாத நேரத்தில் குளிர்த் தொப்பி பின்னுவாள். வீட்டில் கம்பளி நூல் எப்போதும் இருக்கும். புஷ்பராணி அதில் மிச்சத்தை எடுத்து வந்து, தராசு வயர்களுக்குச் சிவப்பு, கணக்குப் பிரிவுக்கு மஞ்சள், தொலைபேசிக்கு நீலம் என்று முனையில் முடிந்துவிட்டாள். பெரிய கிளாக்கர் கணேசமூர்த்தி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"என்னாம்மா, வயருக்கெல்லாம் காப்புக் கட்டியிருக்கே? எப்ப தீ மிதிக்குதுங்க?"

லயத்தில் இதைவிட மோசம். பக்கத்துக் காம்பரா வீரம்மாவிடம் கேட்டது: "ஒந் தங்கச்சி அங்க என்னாதான் செய்யிறா? லைட்டு சுவிட்சைப் போடுறதுக்கு ஆபீசுல ஒரு ஆளா?"

"ஆமா. அவ போடலன்னா ஒன் கொழுந்து நெறுத்ததே கணக்குல வராது" என்றாள் வீரம்மா. தங்கை செய்வது என்னவென்று அவளுக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் தராசுக்கும் தங்கைக்கும் நடுவே ஏதோ ஒரு நூல் ஓடுகிறது என்று மட்டும் தெரியும். அது போதுமாக இருந்தது.

இரண்டாயிரத்து ஆறில் ஆபீசுக்குப் பின்னால் புதிய கட்டடம் எழுந்தது. அதற்குத் துவாரங்கள் போதவில்லை. நாலாவது பெட்டி ஒன்று தேவைப்பட்டது. அதே நேரத்தில் கொழும்பில் இன்னொரு பேச்சும் அடிபட்டது. எல்லாப் பிராந்தியத்துப் பெட்டிகளையும் கொழும்பிலிருந்தே வயர் வழியாகப் பார்த்துக்கொண்டால் என்ன? அங்கங்கே ஒரு ஆள் எதற்கு?

றமணன் தொலைபேசியில் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "புதுப் பெட்டி சனிக்கிழமை லொறியிலை வரும். நீரே பொருத்தும். நான் திங்கட்கிழமை வந்து பாப்பன். எல்லாம் ஒழுங்கா ஓடினா, டிக்கோயாவுக்கு ஆள் வேணும் எண்டு நான் சொல்லுறதுக்கு ஒரு பிடி இருக்கும். இல்லாட்டி..."

"இல்லாட்டி டெலிபோன் மேசைதாங்களே சார்?"

"ஓம் பிள்ளை."

அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது வழி நெடுக மழை. காசல்ரீ நீர்த்தேக்கம் சாம்பல் நிறத்தில் கூடவே வந்தது. தூரத்து லயங்களில் விளக்குகள் பனியில் கரைந்து கரைந்து தெரிந்தன. அந்த இருட்டு அறையைக் கொழும்பிலிருந்து யாரோ முகம் தெரியாதவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தாள். நோட்டன் பிரிட்ஜ் சோம்பேறி என்று அவருக்குத் தெரியாது. அவர் அதைப் பழுது என்று எழுதிவிடுவார்.

சனிக்கிழமை பெட்டி வந்தது. பிளாஸ்டிக் உறையும் புது மணமும் கலையாமல் வந்தது. புஷ்பராணி அதைச் சட்டத்தின் அடியில் நாலாவதாகத் திருகி, முதுகில் குட்டைக் கேபிளால் மற்ற மூன்றோடு பிணைத்தாள். மின்சாரம் மட்டும் கொடுக்கவில்லை. நாள் அப்படி. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஆயுத பூசை.

ஆயுத பூசைக்கு ஸ்டோரில் எல்லா மெசினும் ஓயும். அரைக்கும் ரோலர் ஓயும், சல்லடை ஓயும், லொறி ஓயும். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கழுவித் துடைத்துப் பொட்டு வைப்பார்கள். திங்கட்கிழமை விடிந்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டிய பிறகுதான் மறுபடி ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கும். தோட்டத்தில் பிறந்த யாருக்கும் இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. புஷ்பராணிக்கும் அப்படித்தான். மூன்று வருடமாக ஒரு கணமும் கண் மூடாமல் உழைக்கிற பெட்டிகள். போன வருடங்களில் அவற்றின் தலையில் ஒரு பூ வைத்ததோடு சரி. இந்த முறை புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. நல்ல நாளில் நால்வரும் ஒன்றாக ஓய்ந்து, ஒன்றாக எழுந்தால் என்ன?

கணேசமூர்த்தியிடம் கேட்டாள்.

"நிப்பாட்டும்மா, நிப்பாட்டு. ஞாயித்துக்கெழம எவன் கொழுந்து நெறுக்கிறான்? எனக்கே பொட்டு வச்சு ஒரு நாளைக்கு ஓயவிட்டா நல்லாருக்கும்."

ஞாயிறு மாலை ஒவ்வொரு பிளக்காகக் கழற்றினாள். விசிறிகளின் இரைச்சல் அடங்கியது. அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து அவள் கேட்டதே இல்லை. பச்சைப் பொட்டுகள் அணைந்த இடத்தில் சந்தனப் பொட்டு வைத்தாள். அதன் நடுவே குங்குமம். வீரம்மா கொடுத்தனுப்பிய செவ்வந்தியை நாலு பெட்டிக்கும் பிரித்து வைத்தாள். கதவைச் சாத்தும்போது குழந்தைகளை உறங்கப் போட்டுவிட்டுப் போவது போல மெல்லச் சாத்தினாள். இரவு கனவில், கூரை வரைக்கும் சுவர் எழுந்த ஒரு லயத்தில், எல்லோரும் உறங்கிக்கொண்டிருந்தார்கள். மூச்சு விடும் சத்தம் மட்டும் தகரத்தில் பட்டுப் பட்டு இறங்கியது.

திங்கட்கிழமை காலை அழகன் மாமா வந்தார். பக்கத்து ஸ்டோரில் மெசின்களைப் பழுது பார்க்கிறவர். அங்கே வருடா வருடம் மெசின்களை எழுப்பி வைப்பது அவர்தான். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கையில் தாம்பாளம். அறைக்குள் வந்து நாலு பெட்டியையும் மேலிருந்து கீழ் பார்த்தார்.

"இம்புட்டுக்கூண்டா? இதுவா அத்தன தராசையும் ஆட்டி வைக்குது?"

"ஆமாங்க மாமா."

"இதுல புதுசு எது?"

அவள் அடியில் இருந்ததைக் காட்டினாள்.

"அப்ப அதுக்குத்தான் மொதக் கற்பூரம், மொத ஓட்டம். புது மெசினு வீட்டுக்கு வந்த மருமக மாதிரி. அவ காலு வச்சு உள்ள போனாத்தான் மத்தவங்க பின்னால போகணும். ஸ்டோருல அப்புடித்தான், தெரியுமில்ல?"

தெரியும். ஸ்டோரில் புது மெசின் வந்த வருடங்களில் அப்படித்தான் நடக்கும். அவள் தலையாட்டினாள். பிளக்குகளை அவர் கையிலேயே கொடுத்தாள்.

அழகன் மாமா நாலாம் பெட்டிக்குக் கற்பூரம் காட்டி, பிளக்கைச் செருகினார். விசிறி மெல்ல இரைந்தது. விளக்குகள் ஓடி ஓடி எரிந்தன. "எந்திரிச்சிருச்சு பாரு மருமக" என்றார். பிறகு வாசலில் தேங்காய் உடைத்தார். தேங்காய் சரியாக இரண்டாகப் பிளந்ததைக் கணேசமூர்த்தியைக் கூப்பிட்டுக் காட்டினார். தேங்காயைப் பற்றி ஒரு பேச்சு நடந்தது. பிறகு புதுக் கற்பூரம் ஏற்றி முதலாம் பெட்டிக்குக் காட்டி, அதன் பிளக்கைச் செருகினார். பிறகு இரண்டாவது. ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். கற்பூரப் புகையும் ஜன்னல் இடுக்கால் வந்த பனியும் ஒன்றாகக் கலந்து அறை வெளிறிப் போயிருந்தது. புஷ்பராணி கைகூப்பி நின்றாள். மனம் லேசாக எங்கேயோ மிதந்தது.

மிதந்தபடியே அவள் கண் அடியில் இருந்த பெட்டியின் ஓரத்தில் போய் நின்றது. தலைமை விளக்கு அங்கே எரிந்துகொண்டிருந்தது.

ஒரு கணம் அது அழகாகக்கூடத் தெரிந்தது. அடுத்த கணம் கூப்பிய கையை இறக்கிவிட்டு ஓர் அடி முன்னால் வந்தாள்.

புதுப் பெட்டியைச் சேர்க்கும்போது பழையவை விழித்திருக்க வேண்டும். விழித்திருக்கும் வீட்டுக்குள் புதியது வந்தால் அது வீட்டு வழக்கத்தைக் கற்றுக்கொள்ளும். பயிற்சியில் முதல் நாளே சொன்ன விஷயம் அது. இங்கே எல்லோரும் உறங்கும்போது ஒன்றும் தெரியாத மருமகள் முந்தி எழுந்து, கையில் வீட்டுச் சாவியோடு நிற்கிறாள். பின்னால் எழுந்த இரண்டு மூத்தவர்களும் உப்பு எங்கே, அரிசி எங்கே என்று அவளையே கேட்கிறார்கள். காம்பராவும் இல்லை, சுவரும் இல்லை, கொழும்புக்கு வாசலும் இல்லை.

அழகன் மாமா மூன்றாம் பெட்டியின் பிளக்கைக் கையில் எடுத்திருந்தார்.

"மாமா, நிப்பாட்டுங்க!"

அவர் திடுக்கிட்டுத் தாம்பாளத்தைக் கீழே விடப் பார்த்தார். "என்னா புள்ள, கரண்டு அடிச்சிருச்சா?"

"இல்லைங்க. அதச் செருகாதீங்க. அப்புடியே வைங்க. கீழ வைங்க."

மடிக்கணினியைப் பெட்டியோடு இணைத்துப் பார்த்தாள். ‘டிக்கோயா’ என்று தன்னைச் சொல்லிக்கொள்ள வேண்டிய அடுக்கு, வெறும் ‘சுவிட்ச்’ என்று சொல்லிக்கொண்டு காத்திருந்தது. கடையில் வாங்கிய அன்றைக்கு எந்தப் பெட்டியும் சொல்கிற பெயர். முதலாவதும் இரண்டாவதும் இதைக் கேட்டுத் தங்கள் நினைவை விட்டுவிட்டனவோ என்னவோ, தெரியவில்லை. அவளுக்கு அதைச் சோதிக்கத் துணிவும் வரவில்லை.

வெளியே கணேசமூர்த்தியின் குரல் கேட்டது. "புஷ்பராணி! பொகவந்தலாவ ஸ்டோரு எஞ் செல்போனுல கூப்புடுது, தராசு கணக்கு அனுப்பலையாம்! ஆமா, றமணன் சாரு வேன் கினிகத்தேன தாண்டிருச்சாம்!"

அழகன் மாமாவின் முகம் வெளுத்திருந்தது. "நாந்தான் ஏதும் தப்பு பண்ணிட்டனா, ஆயி?"

"நீங்க இல்லைங்க மாமா. நீங்க வழக்கப்படி செஞ்சீங்க. நான் யோசிச்சிருக்கணும்."

எரிந்துகொண்டிருந்த மூன்று பெட்டிகளையும் மறுபடி அணைத்தாள். முதுகுக் கேபிள்களைக் கழற்றி நாலையும் தனித்தனியாக்கினாள். இப்போது நடுவே இருந்த மூன்றாம் பெட்டி ஒன்றுதான் நேற்று மாலையிலிருந்து எழவே இல்லை. யார் சொல்லையும் கேட்கவில்லை. சந்தனம் காய்ந்து, செவ்வந்தி வாடி, அப்படியே உறங்கிக்கொண்டிருந்தது.

அதற்கு மட்டும் மின்சாரம் கொடுத்தாள்.

விசிறி முனகியது. விளக்குகள் ஆரஞ்சு நிறத்தில் ஒருமுறை எல்லாம் எரிந்து, எல்லாம் அணைந்தன. மடிக்கணினியில் வரிகள் ஓடத் தொடங்கின. அது தன் உடம்பைத் தானே தடவிப் பார்க்கும் நேரம். கை இருக்கிறதா, கால் இருக்கிறதா என்று. நீண்ட நேரம் எடுத்துக்கொள்ளும். பனி ஜன்னலை முழுதும் மூடிவிட்டது. புஷ்பராணிக்கு அந்த அறையே எங்கோ ஒரு மலைக்கு மேலே தனியாக மிதப்பது போல இருந்தது. அறையில் அவளும், அழகன் மாமாவும், உறக்கம் கலையும் ஒரு பெட்டியும். அவர் வாய்க்குள் ஏதோ சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளுக்கு எந்தச் சாமியின் பெயரும் வரவில்லை. எழுந்ததும் யார் என்று கேட்டால் சரியாகச் சொல்லிவிடு, அது போதும் என்று மட்டும் மனதுக்குள் சொன்னாள்.

வரிகள் நின்றன. கடைசி வரியில் ஒரு பெயர் வந்து நின்றது.

டிக்கோயா.

அவள் நாற்காலியில் அப்படியே சாய்ந்தாள். பிறகு ஒவ்வொரு காம்பராவாகக் கேட்டுப் பார்த்தாள். தராசு இருந்தது. கணக்கு இருந்தது. தொலைபேசி இருந்தது. கொழும்பு வாசலும் இருந்தது. உறங்கியது ஒன்றையும் மறக்கவில்லை.

ஓரத்தில் அதன் தலைமை விளக்கு நன்றாக எரிந்து நிலைத்த பிறகு, கேபிளைப் பிணைத்து முதலாவதை எழுப்பினாள். அது வந்து மூன்றாவதன் சொல்லைக் கேட்டுக்கொண்டது. பிறகு இரண்டாவது. எல்லோரும் விழித்திருக்கும் வீட்டுக்குக் கடைசியாக மருமகளைக் கூப்பிட்டாள்.

"இப்ப கற்பூரம் காட்டலாமா?" என்று அழகன் மாமா பயந்து பயந்து கேட்டார்.

"காட்டுங்க மாமா. நாலுக்கும் சேத்து ஒரே கற்பூரமா காட்டுங்க."

பொகவந்தலாவை விளக்கு முதலில் இமைத்தது. சிவப்பு நூல் கட்டிய வயர்கள் ஒவ்வொன்றாகப் பேசத் தொடங்கின. நோட்டன் பிரிட்ஜ் வழக்கம் போலத் தாமதித்து வந்தது.

றமணன் வந்தபோது பனியில் நனைந்த முடியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். பெட்டிகளைப் பார்த்ததும் நின்றார்.

"என்ன இது, எல்லாருக்கும் பொட்டு வைச்சுக் கிடக்கு?"

"ஆயுத பூசைங்க சார்."

அவர் மேற்கொண்டு கேட்காமல் மடிக்கணினி முன் உட்கார்ந்தார். நேரம் போனது. கணேசமூர்த்தி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றார். அழகன் மாமா வாசலில் தாம்பாளத்தோடு நின்றார்.

"புதுக் கட்டடத்துத் துவாரங்கள் சரி. கொழும்பும் சரி" என்றார் றமணன். பிறகு திரையில் ஓர் இடத்தில் விரலை வைத்தார். "ஆனா நாலு பெட்டியும் எழும்பிக் கொஞ்ச நேரம்தான் ஆகுது எண்டு காட்டுது. ஏன்?"

"கரண்டு போச்சுங்க சார்" என்றார் கணேசமூர்த்தி சட்டென்று. "நம்ம பக்கம் தெரியுந்தானே, ஒரு காத்தடிச்சா போதும்."

அந்த ஒரு சொல் போதும் என்று புஷ்பராணிக்குத் தெரிந்தது. தலையை ஆட்டினால் முடிந்தது, அறை அவளுடையது. கணேசமூர்த்தியும் அதைத்தான் கண்ணால் சொன்னார்.

"கரண்டு போகலைங்க சார்" என்றாள். "நாங்கதான் நிப்பாட்டுனோம். நேத்து சாயங்காலம். எழுப்புறப்ப புதுச மொதல்ல எழுப்பிட்டோம். அது தலைமையாயிருச்சு. மூணாவது மட்டும் எழும்பாம இருந்துச்சு. அத வச்சுத்தான் மத்ததுக்கெல்லாம் திருப்பிச் சொல்லிக் கொடுத்தேன்."

றமணன் தேத்தண்ணியை எடுத்து, குடிக்காமல் கையில் வைத்திருந்தார். "மூண்டாவதும் எழும்பியிருந்தா?"

"எல்லாத்தையும் ஆரம்பத்துல இருந்து சொல்லிக் கொடுத்திருக்கணும். நீங்க வரும்போது ஒண்ணும் ஓடியிருக்காது."

"எந்தப் பெட்டி தலைமை எண்டு ஒரு எண் குடுத்து வைச்சிருந்தா இது வந்திராது. கூடின எண் ஆருக்கோ, அதுதான் தலைமை. நான் குடுக்கேல்லை. அது என்ரை பிழையும்தான். இப்ப குடும்."

அவர் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். புஷ்பராணி உட்கார்ந்தாள். எதற்கு அதிக எண் கொடுப்பது என்று அவர் சொல்லவில்லை. அவள் கேட்கவுமில்லை. மூன்றாம் பெட்டிக்குக் கொடுத்தாள். நாலாவதற்கு எல்லாவற்றிலும் குறைந்ததைக் கொடுத்தாள். பதிந்தாள்.

பின்னால் நின்று பார்த்த றமணன் கேட்டார்: "வாற வருசமும் நிப்பாட்டுவீரோ?"

இந்தக் கேள்வியில்தான் எல்லாம் தொங்குகிறது என்று அவளுக்குப் புரிந்தது. இல்லை என்று சொன்னால் போதும். கொழும்பில் நிறுத்துவதில்லை. வருடக்கணக்காக விழித்திருக்கும் பெட்டிகள் அவை. திரும்பி நாலு பெட்டியையும் பார்த்தாள். சந்தனம் ஈரத்தில் கொஞ்சம் வழிந்திருந்தது.

"நிப்பாட்டுவேங்க சார்" என்றாள். குரல் மெல்லியதாகத்தான் வந்தது. "எங்க பக்கம் அன்னிக்கு எதுவும் ஓடாது. ஆனா யாரு மொதல்ல எந்திரிக்கிறதுன்னு நான்தான் சொல்லுவேன்."

கணேசமூர்த்தி கூரையைப் பார்த்தார்.

றமணன் தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். கோப்பையை வைத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டினார்.

"அப்ப ரெண்டு நாளைக்கு முதல் எனக்கொரு சொல்லுச் சொல்லும். அங்கை இருக்கிறவைக்கு நான் சொல்லி வைக்கவேணும். இல்லாட்டி டிக்கோயா செத்துப்போச்செண்டு அண்டைக்கு முழுக்க எனக்கு போன் அடிப்பினம்."

வாசலில் அழகன் மாமா நீட்டிய தேங்காய்ச் சில்லை வாங்கிக்கொண்டு வேனில் ஏறினார். வேன் பனிக்குள் போனது. சத்தம் மட்டும் வளைவு வளைவாக இறங்கிப் போனது.

அன்று மாலை வீரம்மா கொழுந்து போட்டுவிட்டு வந்து, பஸ் நிற்கும் இடத்திலேயே தங்கைக்காகக் காத்திருந்தாள். தலையில் மழைக்குப் போர்த்திய படங்கு, காலில் சேறு. இருவரும் லயத்துக்கு ஏறும் பாதையில் நடந்தார்கள். நடக்க நடக்கப் பனி விலகி வழிவிட்டு, பின்னால் மறுபடி மூடிக்கொண்டது.

"என்னா சொன்னாரு அந்த சாரு?"

"அடுத்த வருசம் பூசைக்கு ரெண்டு நாளு முந்தி சொல்லச் சொன்னாருக்கா."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல."

வீரம்மா சில அடி நடந்தாள். பிறகு நின்றாள். "யாரச் சொல்லச் சொன்னாரு?"

"என்னையத்தான்."

"அப்பன்னா அடுத்த வருசமும் நீதான் அங்க இருக்குற."

புஷ்பராணி அதுவரைக்கும் அந்தச் சொல்லை அப்படித் திருப்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் வந்த நேரமெல்லாம் அவள் வேறெங்கோ இருந்தாள். விளக்குகள் எரிவதும் அணைவதுமாக ஒரு அரைத்தூக்கத்தில் இருந்தாள். இப்போது பாதையின் நடுவே நின்று சிரித்தாள்.

வீரம்மா சிரிக்கவில்லை. படங்கை இறுக்கிக்கொண்டு வேகமாக ஏறினாள். லயத்தின் முதல் காம்பரா வாசலிலேயே நின்று, கேட்காத வீட்டுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

"ஏய், எந் தங்கச்சி சொன்னாத்தான் கொழும்புக்காரங்களுக்கே தெரியுமாம், டிக்கோயா தூங்குதா முழிச்சிருக்கான்னு!"